வயிறு காலியான மறுநாள்

என் அக்கா மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டம்ளர் வெந்நீரில் தேயிலைப் பை ஒன்றைப் போட்டு மூடி வைத்தாள்.

"இந்நேரத்துல என்னடி டீ?"

"டீடாக்ஸ் டீ, சித்தி. குடலைச் சுத்தம் பண்றது. நாலு மாசமாக் குடிக்கிறேன்."

"நல்லாப் போகுதா?"

"குடிச்சாப் போகுது. குடிக்கலைன்னா ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணுமே இல்ல. அதான் விட முடியல."

அவள் கடைசியாகச் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. டீடாக்ஸ், அதாவது நச்சு நீக்கம் என்ற பெயரில் தேநீர், பொடி, சாறு, உப்புத் தண்ணீர், எனிமா என்று எத்தனையோ விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது ஒன்றுதான்: காலையில் எழுந்தால் வயிறு ஒழுங்காகப் போக வேண்டும். அதற்கு இவை உதவுமா? ஒரு நாள் போக வைக்கும். நாள்தோறும் தானாகப் போகிற ஒழுங்கைத் தராது. இருக்கிற ஒழுங்கையும் பல சமயம் கலைத்துவிடும். ஏன் என்று விளக்குகிறேன்.

அவளுடைய அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க எலுமிச்சை, இஞ்சி, துளசிப் படங்கள். பின்பக்கம், கண்ணாடி போட்டால்தான் படிக்க முடிகிற எழுத்தில் சேர்மானங்கள். ஐந்தாவதாக 'சென்னா இலை' என்றிருந்தது. நாட்டு மருந்துக் கடையில் நிலாவரை என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே இலை. எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைவது. உலக மருந்துச் சந்தையில் அதற்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா'தான். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெளிநாடு போகிற அந்த இலை, பைக்குள் புகுந்து, படம் போட்ட பெட்டியில் எங்கள் அடுப்படிக்கே திரும்பி வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நிலாவரை ஒரு பேதி மருந்து. அதைக் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற நல்ல மருந்துதான். அதிலுள்ள சென்னோசைடு என்ற பொருள் சிறுகுடலை அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து வேறொரு பொருளாக்குகின்றன. அது குடல் சுவரைத் தூண்டி நெருக்கித் தள்ள வைக்கிறது. தண்ணீரைக் குடல் உறிஞ்சுவதையும் குறைக்கிறது. இத்தனையும் நடக்க ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் இரவில் குடித்தால் காலையில் வேலை செய்கிறது. இதில் நச்சு நீங்குவது என்று எதுவும் இல்லை. மருந்துக் கடையில் இதே சென்னா மாத்திரையாக வாங்கினால் அதில் எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் சாப்பிடலாம் என்று அச்சிட்டிருக்கும். தேநீர்ப் பையில் அந்தக் கணக்கு கிடையாது. ஐந்து நிமிடம் ஊறியதும் இருபது நிமிடம் ஊறியதும் ஒரே அளவா என்ன? மருந்து என்று தெரியாமலே மருந்து சாப்பிடுவதுதான் இதிலுள்ள முதல் சிக்கல்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. மறுநாள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர்ம உணவு சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு வருகிறது. பெருங்குடல் அதிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மெல்ல நகர்த்தி, ஓரளவு சேர்ந்த பிறகு மலக்குடலுக்குத் தள்ளுகிறது. வாயில் போட்ட சோறு கழிவாக வெளியேற ஒரு நாள் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். இரண்டுமே இயல்புதான். பேதி மருந்து என்ன செய்கிறது? இன்றைக்குப் போக வேண்டியதோடு, நாளைக்கும் மறுநாளைக்கும் என்று வரிசையில் இருப்பதையும் சேர்த்து ஒரே காலையில் வெளியே அனுப்பிவிடுகிறது. குடல் காலி. அது மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இரண்டு மூன்று நாளும் மலம் போகாது, ஏனென்றால் போவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

இதை அறியாதவர், 'மருந்தை நிறுத்தியதும் மறுபடி கட்டிக்கொண்டதே' என்று பயந்து இன்னொரு பையை எடுக்கிறார். குடல் மறுபடி காலியாகிறது. மறுபடி பயம். என் அக்கா மகள் நான்கு மாதமாகச் சுற்றியது இந்த வட்டத்தில்தான். அவளிடம் இருந்தது பாதி மலச்சிக்கல், பாதி காலிக் குடல். எது எது என்று பிரித்துப் பார்க்கக்கூட அந்தத் தேநீர் விடவில்லை.

மலச்சிக்கல் என்று எதைச் சொல்வது? தினமும் ஒருமுறை போயே ஆக வேண்டும் என்று இன்றைய மருத்துவம் சொல்லவில்லை. நாளைக்கு மூன்று முறை என்பதிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை என்பது வரை ஆரோக்கியமானவர்களிடம் காணும் வழக்கம்தான். எண்ணிக்கையைவிடத் தன்மை முக்கியம். 1997-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து ஒரு படம் வெளியிட்டார்கள். ஆட்டுப் புழுக்கை போல உதிர் உதிராக இருந்தால் முதல் வகை, வெறும் தண்ணீராகப் போனால் ஏழாம் வகை. நடுவிலுள்ள மூன்றும் நான்கும், அதாவது உருளையாக, முக்காமல் வெளியேறுவது, நல்ல நிலை. இரண்டு நாளுக்கு ஒருமுறை நான்காம் வகையாகப் போகிறவருக்கு எந்த மருந்தும் வேண்டாம். தினமும் போனாலும் புழுக்கையாக, கண்ணில் நீர் வர முக்கிப் போகிறவருக்குத்தான் மலச்சிக்கல். பேதி மருந்து ஒருவரை முதல் வகையிலிருந்து நேராக ஏழாம் வகைக்குத் தூக்கிப் போடுகிறது. நடுவில் நிறுத்துவதில்லை.

எங்கள் அப்பாவுக்குக் கொலோனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டி வந்தபோது நான் கூட இருந்தேன். பரிசோதனைக்கு முந்தைய மாலையில் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு டம்ளர் குடிப்பார், கால் மணி நேரம் கழித்து அடுத்த டம்ளர். கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து நடந்து இரவு பதினொரு மணிக்கு வெளியே வந்ததில் மலமே இல்லை, தெளிந்த மஞ்சள் தண்ணீர். குடல் சுத்தம் என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அதுதான் அதன் உச்சம். எந்தத் தேநீரும் சாறும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார்: "ரெண்டு மூணு நாளைக்கு மோஷன் போகலைன்னா பயப்படாதீங்கய்யா, உள்ள எதுவும் இல்ல." அத்தனை முழுமையாகச் சுத்தம் செய்த பிறகும் அப்பாவின் பழைய மலச்சிக்கல் பத்து நாளில் அப்படியே திரும்பி வந்தது. கழுவினால் ஒழுங்கு வரும் என்றால் அன்றைக்கே வந்திருக்க வேண்டும்.

குடலின் சுவரில் பல வருட அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். சாக்கடைக் குழாயை மனத்தில் வைத்துச் சொல்லும் கதை அது. குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதிதாக முளைக்கிற உயிருள்ள தோல். அப்பாவின் பரிசோதனையில் திரையில் நான் பார்த்தது இளஞ்சிவப்பாக, ஈரமாகப் பளபளத்த சுவர். சில பொடிகளைச் சாப்பிட்டால் கயிறு போல, ரப்பர் போல நீளமாக வெளியே வரும். 'இதோ உங்கள் குடலில் இருந்த அழுக்கு' என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். அந்தப் பொடியில் இசப்கோல் உமியும் களிமண்ணும் இருக்கும். இரண்டும் தண்ணீரில் ஊறிக் கெட்டிப்பட்டால் கயிறு போலத்தான் ஆகும். சாப்பிட்டதுதான் வெளியே வருகிறது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பித்தப்பைக் கல் விழும் என்பதும் இதே வகை. விழுந்த பச்சைக் 'கற்களை' ஆய்வு செய்து 2005-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அவை வயிற்றுக்குள்ளேயே எண்ணெய் சோப்பாகக் கட்டியவை.

நச்சு என்ற சொல்லையும் கொஞ்சம் கேட்க வேண்டும். என்ன நச்சு, அதன் பெயர் என்ன, எவ்வளவு குறைந்தது? 2009-இல் பிரிட்டனில் இளம் விஞ்ஞானிகள் குழு ஒன்று பதினைந்து டீடாக்ஸ் பொருள்களின் தயாரிப்பாளர்களிடம் இதைக் கேட்டது. டீடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கு எந்த இருவரும் ஒரே விளக்கம் தரவில்லை. 2015-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கடைகளில் விற்கும் டீடாக்ஸ் உணவுமுறைகளை முறையாக இரு குழுவாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு ஒன்றுகூட அகப்படவில்லை. உடம்பின் கழிவைக் கல்லீரலும் சிறுநீரகமும் இடைவிடாமல் நீக்கிக்கொண்டிருக்கின்றன. மலத்தின் பழுப்பு நிறமே அதற்குச் சான்று: தேய்ந்த ரத்தச் சிவப்பணுக்கள் உடைவதில் உண்டாகும் கழிவைக் கல்லீரல் பித்தத்தில் கழித்துவிட்ட நிறம் அது.

குடலில் தேங்குவது ரத்தத்தில் கலந்து உடம்பையே நஞ்சாக்கும் என்ற பயம் நூறாண்டுக்கு மேல் பழையது. பிரான்சில் ஷார்ல் பூஷார் 1880-களில் இதை மருத்துவக் கோட்பாடாகவே சொன்னார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஒரு படி மேலே போய், மலச்சிக்கல் நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் அல்வாரெஸ் இதை மறுத்து எழுதினார். மலம் கழித்த மறுநிமிடமே தலைவலியும் மந்தமும் தீர்ந்துவிடுகிறதே; ரத்தத்தில் நச்சு கலந்திருந்தால் அத்தனை சீக்கிரம் தீருமா என்பது அவர் கேள்வி. 1922-இல் டொனால்ட்சன் என்பவர், ஆரோக்கியமான ஆட்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தார். அதே தலைவலி, அதே மந்தம், அதே எரிச்சல். பஞ்சை எடுத்ததும் சரியாகிவிட்டது. பஞ்சில் என்ன நச்சு இருக்கிறது? மலக்குடல் விரிந்து நரம்பை அழுத்துவதுதான் அந்த உபாதை. இதில் எனக்குப் பிடித்த பகுதி லேனின் பிற்காலம். 1925-இல் அவரே ஒரு சங்கம் தொடங்கி, தவிடு நீக்காத ரொட்டியும் பழமும் காய்கறியும் சாப்பிடுங்கள் என்று மக்களிடம் பிரசாரம் செய்யப் போனார்.

"நம் முன்னோரே பேதிக்கு எடுத்தார்களே" என்று உடனே கேட்பார்கள். உண்மைதான். பள்ளி விடுமுறையில் ஒரு காலைப்பொழுது, மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் குடிக்காத பிள்ளை எங்கள் தலைமுறையில் குறைவு. அன்றைக்கு முழுக்க ரசம் சோறு, பேதி நிற்காவிட்டால் மோர். சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் விதிகளிலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி உண்டு. ஆனால் அவை ஆண்டில் இரண்டு மூன்று முறை, வைத்தியர் நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, ஓய்வோடு கொடுத்தவை. தினமும் இரவு ஒரு டம்ளர் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்ததற்குப் பூச்சித் தொல்லை ஒரு பெரிய காரணம். இன்றைக்கு அதற்குப் பள்ளியிலேயே ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள்; விளக்கெண்ணெய் தேவையில்லை. கைக்குழந்தையின் வாயில் எண்ணெய் ஊற்றுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். கர்ப்பிணிகளும் விளக்கெண்ணெய் குடிக்கக் கூடாது, கருப்பையும் சேர்ந்து சுருங்கும்.

அதே சித்த மருத்துவம் இன்னொன்றும் சொல்கிறது. அதைத்தான் நாம் மறந்துவிட்டோம். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில், அதாவது உடலின் உந்துதல்களில், மலமும் ஒன்று. காலையில் எழுந்ததும், பிறகு காலை உணவு உள்ளே போனதும் பெருங்குடல் ஒருமுறை வலுவாக நெருக்குகிறது. இயற்கை தருகிற அழைப்பு அது. அந்நேரம் பேருந்தில் நின்றுகொண்டிருந்தால்? பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்று எத்தனை பெண் பிள்ளைகள் மாலை வீடு திரும்பும்வரை அடக்குகிறார்கள்! ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அடக்க அடக்க மலம் தண்ணீரை இழந்து இறுகுகிறது. நாளாக ஆக மலக்குடல் அழைப்பதையே குறைத்துக்கொள்கிறது. ஒரு சுத்தமான கழிப்பறையும், காலையில் கால் மணி நேர அவகாசமும் இவர்களுக்குச் செய்யும் நன்மையை எந்தத் தேநீரும் செய்யாது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

உட்காரும் விதமும் கொஞ்சம் முக்கியம். குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது. வெஸ்டர்ன் கழிப்பறையில் காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டு முட்டியை உயர்த்திக்கொண்டால் அந்தப் பலன் ஓரளவு கிடைத்துவிடும். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

உணவில், பெரியவர்களுக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். வெள்ளைச் சோறு நூறு கிராமில் ஒரு கிராம்கூடத் தேறாது. ஒரு கொய்யாப்பழம் ஐந்து கிராம் தரும், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் அதைவிடக் கூடுதலாகத் தரும். சாற்று விரதத்தில் முதலில் தொலைவது இந்த நார்தான். பழத்தைப் பிழிந்து சக்கையை வீசிவிட்டால் மலத்துக்குக் கனம் எங்கிருந்து வரும்? ஆய்வில் தேறியவை என்று பார்த்தால் இசப்கோல், உலர்ந்த பிளம்ஸ், தினம் இரண்டு கிவிப்பழம். இசப்கோல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிற உமி, விலையும் குறைவு. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். ஒரே நாளில் அள்ளிப் போட்டால் வாயு பிடிக்கும். இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். இதன் பலன் காலையிலேயே தெரியாது, சில நாள் ஆகும். தேநீரிடம் இது தோற்பது அந்தச் சில நாட்களில்தான்.

டீடாக்ஸ் எடுத்தவர்கள் 'உடம்பு லேசாக இருந்தது' என்று சொல்வதை நான் நம்புகிறேன். அந்த வாரம் அவர்கள் பொரித்தது, மது, நள்ளிரவு பிரியாணி எல்லாவற்றையும் விட்டிருப்பார்கள். அதன் பலன் அது. எடை குறைந்தது பெரும்பாலும் தண்ணீரும் குடலில் இருந்ததும்தான், சாப்பிட்டதும் திரும்பிவிடும்.

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். தொடர்ந்து பேதியானால் பொட்டாசியம் குறையும். தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும்; குடலும் ஒரு தசைதானே, அதுவும் மந்தமாகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பேதியோடு அது சரியாக உடம்பில் சேராமல் போகலாம். வெறும் வயிற்றில் லிட்டர் கணக்கில் உப்புத் தண்ணீர் குடிப்பது ரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் பேதிக்காகக் குடிக்கும் எப்சம் உப்பு விஷமாகலாம். பசலை போன்ற கீரைகளைப் பச்சையாக அரைத்து நாள்கணக்கில் குடித்து, அதிலுள்ள ஆக்ஸலேட் படிந்து சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. குடல்வால் அழற்சியாக இருந்தால் வெடித்துவிடலாம்.

மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை, ஐம்பதை நெருங்கும் வயதில் திடீரென்று மாறிய மலப்போக்கு, வாந்தியோடு வயிறு உப்பிக் காற்றும் பிரியாமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாட்டு மருந்துக் கடைக்கும் போக வேண்டாம், இணையத்தில் பெட்டி வாங்கவும் வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள். தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், சில ரத்த அழுத்த மாத்திரைகள், கோடீன் கலந்த வலி மாத்திரைகள் எல்லாமே மலத்தைக் கட்டும். சிலருக்கு மலம் வெளியேறும் நேரத்தில் தளர வேண்டிய இடுப்புத் தசை இறுகிக்கொள்கிறது. அவர்களுக்கு எத்தனை பேதி மருந்து கொடுத்தாலும் தீராது. தசைக்குப் பயிற்சி கொடுத்தால் தீரும்.

அக்கா மகளிடம் அன்றிரவு பேசிக்கொண்டிருந்தபோது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "ரத்தம் கம்மின்னு இரும்புச் சத்து மாத்திரை. அஞ்சு மாசம் ஆச்சு."

ஐந்து மாதமாக இரும்பு மாத்திரை, நான்கு மாதமாகத் தேநீர். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், கட்டவும் செய்யும். அதைச் சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் மருத்துவர் சொல்லியிருக்க வேண்டிய சங்கதி அது. மருந்துச் சீட்டு எழுதியபோது ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. மருத்துவரிடம் மறுபடி போய்க் கேட்டதில், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும்படி மாற்றிக் கொடுத்தார். தேநீரை நிறுத்திய முதல் மூன்று நாள் ஒன்றும் போகவில்லை. தினமும் இரவு எனக்கு ஃபோன் பண்ணினாள். "இன்னிக்கும் இல்ல சித்தி." "குடல் நிறையட்டும், பொறு. தண்ணி குடிச்சியா? இசப்கோல் எடுத்தியா?" நான்காம் நாள் காலை ஆறரை மணிக்கே அழைப்பு வந்தது.